கூடை அத்தையின் அசல் படம்

கடிக்கோய் படகுத்துறையிலிருந்து மேலேறும் சரிவுத் தெருவில், மூன்றாம் மாடி ஜன்னலில் உட்கார்ந்தபடியே மெலாஹத் குடும்பம் நடத்தினாள். முழங்கால் வலி. கணவன் காலமானதிலிருந்து அவசியம் இல்லாமல் படி இறங்குவதில்லை. கயிற்றில் கட்டிய பிரம்புக்கூடையைக் கீழே இறக்குவாள், எதிரே மளிகைக்கடை வைத்திருந்த ரெஜெப் அதில் சாமானைப் போடுவான், மேலே இழுத்துக்கொள்வாள். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் கூடை உண்டு. ஆனால் மெலாஹத்தின் கூடை இறங்கும்போது தெருவே நிமிர்ந்து பார்க்கும். கூடைக்கு முன்னால் அவள் குரல் இறங்கிவிடும்.

"ரெஜெப்! நேத்து அனுப்பினியே தக்காளி, அதை உன் மாமியாருக்குக் குடுத்துப் பாரேன். மறுபடி உன் வீட்டுப் பக்கம் வரவே மாட்டாங்க."

"அக்கா, நல்ல தக்காளிக்கா அது."

"நல்லதுதான். போன மாசம்."

அவளுடைய ஒரே மகள் பெரிஹான் அப்போது ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். மாறுகண். நல்ல கண்ணை மூடிவைத்தால்தான் மற்றது உழைக்கும் என்று டாக்டர் சொன்னதால், மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். பள்ளியில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஒத்தக்கண்ணி" என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவின் இடுப்பில் சாய்ந்துகொண்டு அவளும் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பாள். அம்மாவின் ஒரு கை கயிற்றில் இருக்கும், மறு கை மகளின் தலையில் இருக்கும்.

அதே கட்டிடத்தில், நாலாம் மாடிக் கூரைக்கு அடியில் இருந்த ஒற்றை அறையில் நெஜ்மி என்ற இளைஞன் குடியிருந்தான். ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பான். விரல்களில் எப்போதும் மைக்கறை. அக்கரையில், பத்திரிகை அலுவலகங்கள் நெருக்கியடித்து நின்ற ஜாலோலுவிலிருந்து வெளிவந்த 'கோணூசி' என்ற நகைச்சுவை வார இதழில் அவன் கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்தான். படியில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவான். ஆள் இருக்கிற சத்தமே தெரியாது.

ஒரு வாரம், 'கோணூசி'யின் உள்பக்கத்தில் 'கூடை அத்தை' என்று ஒரு புதுப் படம் வந்தது. ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரு குண்டு அம்மாள். தலையில் முடி சுருட்டும் குழல்கள். கயிற்றின் முனையில் கூடை, கூடைக்குள் ஒரு போலீஸ்காரர். அத்தை கீழே பார்த்துச் சொல்கிறாள்: "இவரு எடை குறையறாரு. வேற அனுப்பு." அவள் பக்கத்தில், கண்ணாடியின் ஒரு பக்கம் பிளாஸ்திரி ஒட்டிய ஒரு பொடிப் பெண், கூடையை எட்டிப் பார்த்தபடி.

தெருவே சிரித்தது. ரெஜெப் இதழைக் கல்லாப்பெட்டிக்குக் கீழே ஒளித்துவைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினான். அடுத்த வாரமும் வந்தது, அதற்கடுத்த வாரமும் வந்தது. கூடை இறங்கும்போது ஆண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மெலாஹத்துக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை.

"என்னடா எல்லாரும் என் கூடையைப் பாத்து இளிக்கிறீங்க? உள்ள குரங்கா இருக்கு?"

பெரிஹானுக்குத் தெரியும். வகுப்பில் ஒரு பையன் இதழைக் கொண்டுவந்து காட்டி, "இது நீதானே?" என்று கேட்டான். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டான். அவள் தலையாட்டினாள். அன்றிலிருந்து அவள் பக்கத்தில் உட்கார அடிதடி நடந்தது. பத்திரிகையில் வருகிற பெண் அல்லவா! அந்தச் சந்தோஷத்தை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் பறிபோய்விடும் என்று அந்த வயதிலேயே அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

ஒருநாள் ரெஜெப் கை தவறி, ஆலிவ் காயைப் பழைய 'கோணூசி'த் தாளில் மடித்துக் கூடையில் போட்டுவிட்டான். மெலாஹத் பொட்டலத்தைப் பிரித்தாள். எண்ணெய் ஊறிய தாளில் அவளே ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். கீழ் மூலையில் நெஜ்மியின் பெயர். வெகுநேரம் பார்த்தாள். ஆலிவ் காயைக் கிண்ணத்தில் கொட்டினாள், தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். நல்ல கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். குடையையும் எடுத்துக்கொண்டாள். வெளியே வெயில்.

"நீ ரெஜெப் கடையில இரு. எதுவும் வாங்கித் தின்னாத" என்று மகளிடம் சொன்னாள்.

ஒவ்வொரு படியாக இறங்கி, சரிவில் நடந்து, படகேறி அக்கரைக்குப் போனாள். குடையைப் பார்த்த தெரு நெஜ்மிக்காக இரக்கப்பட்டது. "பாவம், ஏற்கெனவே எலும்பும் தோலுமா இருக்கான், இவ ஒரு சாத்து சாத்தினா மிஞ்ச மாட்டான்" என்றான் ரெஜெப். சாயங்காலம் மெலாஹத் திரும்பி வந்தாள். குடை உடையவில்லை. யார் கேட்டும் ஒன்றும் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு அந்த ஆலிவ் காயையே வைத்தாள்.

எல்லோரும் எதிர்பார்த்தபடி 'கூடை அத்தை' நின்றுபோகவில்லை. வாராவாரம் வந்துகொண்டுதான் இருந்தாள். அத்தை இன்னும் குண்டானாள். வாய் இன்னும் அகலமாயிற்று. ஆனால் பக்கத்தில் இருந்த பெண் காணாமல் போய்விட்டாள்.

பள்ளியில் ஒரு மாதம் கேட்டார்கள். "எங்க காணோம் உன்னை?" பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள். பெரிஹான் மறுபடி ஒத்தக்கண்ணி ஆனாள். படியில் நெஜ்மியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தன்னைப் பிடிக்காமல் தூக்கி எறிந்துவிட்டான் என்றே நினைத்தாள். அந்தக் கோபம் சின்னதுதான். ஆனால் உள்ளே போட்ட சின்னக் கல் மாதிரி அங்கேயே கிடந்தது.

அம்மாவும் நெஜ்மியும் படிக்கட்டில் அடிக்கடி சண்டை போட்டார்கள். அம்மா வாசல்கதவைத் திறந்து கத்துவாள், அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்பான், பிறகு இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடுவான். சில வருஷத்தில் 'கோணூசி' நின்றுபோயிற்று. நெஜ்மி அறையைக் காலி செய்துகொண்டு போனான். பெரிஹானின் கண்ணும் ஒருவழியாக நேரானது.

*

அம்மா இறந்தபோது பெரிஹானுக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் வேலை. அம்மாவின் படம் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று தேடினாள். கிடைத்தது ஒன்றே ஒன்று, அடையாள அட்டைக்காக எடுத்தது. அதில் அம்மா போலீஸ் பிடித்து உட்காரவைத்தவள் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தாள். இது அம்மா இல்லையே என்று நினைத்தாள் பெரிஹான். அப்போதுதான் கூடை அத்தையின் ஞாபகம் வந்தது.

கடிக்கோயில் பழைய புத்தகக்கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு சந்தின் கடைசியில் கரபெத்தின் கடை. ஆர்மீனியக்காரர். ஜாலோலுவில் ஒரு காலத்தில், படங்களை அச்சடிப்பதற்கான உலோக பிளாக் எடுக்கும் பட்டறையில் இருந்தவர். நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

"மாமா, பழைய 'கோணூசி' இருக்கா?"

"இருக்கும். எங்க இருக்கும்னு கேக்காத. தேடு. கெடச்சா எனக்கும் சொல்லு."

அந்தக் குவியலில் அவள் சனிக்கிழமைகள் கழிந்தன. மூக்கில் தூசி ஏறித் தும்முவாள். கரபெத் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "நல்லாயிரு" என்பார். ஒவ்வொரு இதழாகச் சேர்ந்தது. வீட்டுக்குப் போய், சாப்பாட்டு மேஜையில் விரித்துவைத்துத் தனியாகச் சிரிப்பாள். அம்மாவின் கை இடுப்பில் ஊன்றிய விதம், ஒரு புருவம் ஏறும் விதம், பேச ஆரம்பிக்குமுன் தோள் லேசாக விரியும் விதம். எந்த கேமராவுக்கும் காட்டாத அம்மாவை அந்த ஒட்டடைக்குச்சிப் பையன் பிடித்துவைத்திருந்தான்.

ஒரு சனிக்கிழமை கரபெத் மேஜை இழுப்பறையைத் திறந்தார். இழுப்பறையின் அடியில் விரித்திருந்த தடித்த தாளை உருவி எடுத்து, "இந்தா, இதையும் பாரு. படத்தோட அம்மா இது. நீ பாக்கறதெல்லாம் பிள்ளைங்க" என்று நீட்டினார்.

வேறோர் ஓவியர் கையால் போட்ட அசல் படம். காலைப் படகின் பெஞ்சியில் உட்கார்ந்தபடியே தூங்கும் பயணிகள். ஒருவர் தோளில் ஒருவர், அவர் தோளில் இன்னொருவர், கடைசி ஆளின் தலை மட்டும் சாய இடமில்லாமல் வெளியே தொங்குகிறது. அச்சில் வந்திருந்த அதே படத்தை அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் இது வேறு. மைக்கு அடியில் பென்சில் கோடு தெரிந்தது. கடைசி ஆளின் தலையை வரைந்தவர் முதலில் மற்றவர்களைப் போலச் சாய்த்திருக்கிறார், பிறகு மனம் மாறி வெளியே தொங்கவிட்டிருக்கிறார். ஓர் இடத்தில் பிளேடால் சுரண்டியிருந்தது. ஓரத்தில் டீ கிளாஸின் வட்டக் கறை. மேலே நீலப் பென்சிலில் பத்திரிகை ஆசிரியரின் கையெழுத்து: "மூக்கைக் குறை." மூக்கு குறையவில்லை.

"இதையெல்லாம் என்ன பண்ணுவாங்க?"

"பிளாக் எடுத்ததும் குப்பைக்குத்தான் போகும். வரைஞ்சவனே கேக்க மாட்டான். நான் கொஞ்சம் எடுத்து வெச்சேன். கலை மேல காதல்னு நெனச்சுக்காத. தாள் நல்ல தடிமன், இழுப்பறைக்கு விரிக்கலாம்."

அன்று அந்தப் படம் அவளோடு வீட்டுக்கு வந்தது. அதற்குப் பின் அவளுக்கு அச்சுப் படம் போதவில்லை. அசலுக்கு அலைய ஆரம்பித்தாள். இறந்துபோன ஓவியர்களின் வீடுகள், மூடிய அச்சகங்கள், பரணைக் காலி செய்கிறவர்கள். சாப்பாட்டறைச் சுவர் நிரம்பி நடைவழிக்கு வந்தது. மருந்துக்கடையில் அவளுடன் வேலை பார்த்தவர்கள் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "பெரிஹான் அக்கா வீட்ல மனுஷங்களைவிட மூக்குதான் ஜாஸ்தி" என்று சொல்லிச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஒருவன் ஒரே இழுப்பில் போட்ட கோடு எது, பயந்து பயந்து போட்ட கோடு எது என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. ராத்திரி விளக்கை அணைக்குமுன் ஏதாவது ஒரு படத்தின் முன்னால் சும்மா நின்றுவிட்டுத்தான் படுப்பாள்.

ஆனால் நெஜ்மியின் அசல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

*

கரபெத்தின் கடையில் அவளுக்கு ஒரு எதிரி இருந்தார். தாஹ்ஸின். படகுக் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் அங்காராவில். கப்பல் தொப்பியை இன்னும் விடவில்லை. அவருக்குப் படகு வேண்டும். படகு இருக்கிற கார்ட்டூன் எதுவானாலும் வேண்டும், படகு இல்லாவிட்டால் எந்த மேதை போட்டதானாலும் வேண்டாம்.

"தாஹ்ஸின் அண்ணே, அந்தப் பத்திரிகைக் கட்டை நான் முதல்ல எடுத்தேன்."

"நீ எடுத்தே, தங்கச்சி. நான் பாத்தேன். கண்ணு கையைவிட வேகம்."

"டிக்கெட் இல்லாதவனைப் பிடிக்கிற கண்ணு."

"இங்கயும் அதைத்தான் பண்றேன்."

கரபெத் நாற்காலியில் இருந்தபடி, "ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கோங்க, செவரு மிச்சமாகும்" என்பார். இருவரும் ஒரே குரலில் அவரைத் திட்டுவார்கள்.

பெரிஹானிடம் இருந்த தூங்கும் பயணிகள் படத்தின் மேல் தாஹ்ஸினுக்கு ஒரு கண். வருஷக்கணக்காகக் கேட்டார், அவள் கொடுக்கவில்லை. ஒரு மார்ச் மாதச் சனிக்கிழமை, பேச்சுவாக்கில் அவர் சொன்னார்:

"என்கிட்ட ஒண்ணு இருக்கு. பனிமூட்டத்துல படகு வழி தவறி ஒரு வீட்டு ஜன்னலுக்கே வந்து மூக்கை நீட்டுது. ஒரு குண்டம்மா கேப்டனை விரட்டுறா."

பெரிஹான் கையில் இருந்த கட்டைக் கீழே வைத்தாள். "'கேப்டன், பின்னாடி போ. இது துறை இல்லை, எங்க சமையலறை.'"

"அதேதான். உனக்கெப்படித் தெரியும்?"

"அது எங்கம்மா."

தாஹ்ஸின் தொப்பியைக் கழற்றினார். துக்க வீட்டில் கழற்றுவது போலக் கழற்றினார்.

மறுநாளே அவர் வீட்டுக்குப் போனாள். அந்தப் படத்தின் அச்சு அவளுக்கு மனப்பாடம். பெண் காணாமல் போன முதல் வாரத்துப் படம் அது. அதில் ஏதோ ஒன்று அவளை எப்போதும் உறுத்தியிருக்கிறது. அத்தை ஜன்னலின் ஓர் ஓரமாக நிற்கிறாள், மறு ஓரத்தில் ஒன்றுமே இல்லாத வெள்ளை. அத்தையின் இடது கை அந்த வெள்ளையில், எதன் மேலும் படாமல், அந்தரத்தில் நிற்கிறது. நெஜ்மி அவசரத்தில் போட்டிருப்பான் என்று நினைத்துக்கொள்வாள்.

அசலை மேஜையில் வைத்தார் தாஹ்ஸின். பெரிஹான் குனிந்தாள். ஜன்னலின் அந்த ஓரத்தில் தாள் வெறுமையாக இல்லை. வெள்ளைச் சாயம் தடவியிருந்தது. கெட்டியாக, இரண்டு தடவை பூசி, காய்ந்து, மயிரிழையாக வெடித்திருந்தது.

"அண்ணே, இதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிங்க."

"வெயில்ல மை வெளிறிடும்மா."

"ஒரு நிமிஷம்."

தாஹ்ஸின் முணுமுணுத்துக்கொண்டே கண்ணாடியில் தாளைச் சேர்த்துப் பிடித்தார். வெளிச்சம் பின்னாலிருந்து வந்ததும் வெள்ளைக்குள் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம் எழுந்தது. மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கம் பிளாஸ்திரி. இரண்டு பின்னல். ஜன்னலுக்கு வெளியே எட்டி, படகின் மூக்கைத் தொடப் பார்க்கும் ஒரு கை. அத்தையின் இடது கை அந்தப் பெண்ணின் தலைமேல் இருந்தது.

பெரிஹான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். தாஹ்ஸின் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். போய் டீ போட்டார்.

டீயைக் குடித்து முடித்துக் கிளாஸைத் தள்ளி வைத்தாள். "எனக்கு இது வேணும்."

"படகு இருக்கே, தங்கச்சி."

"தூங்கறவங்களைத் தர்றேன்."

தாஹ்ஸின் கிளாஸைக் கீழே வைத்தார். பல வருஷமாகக் கேட்டதை ஒருத்தி இப்படி முகம் வெளுத்துப் போய்த் தரும்போது வாங்கிக்கொள்வது அவருக்குச் சங்கடமாக இருந்தது. "அதையும் நீயே வெச்சுக்கோ, இதையும் எடுத்துட்டுப் போ" என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவரும் சேகரிக்கிறவர்தான்.

"சரி. ஆனா நான் அப்பப்ப வந்து படகைப் பாப்பேன்."

"வாங்க."

தூங்கும் பயணிகளை அவளே கொண்டுவந்து கொடுத்தாள். நடைவழிச் சுவரில் அந்த இடம் சதுரமாக வெளுத்து நின்றது. சில வாரம் அந்தப் பக்கம் பார்க்காமலேயே போய்வந்தாள்.

*

நெஜ்மி உயிரோடு இருப்பதாகச் சொன்னவர் கரபெத். புர்காஸ் தீவில், தங்கை வீட்டில் இருக்கிறானாம். யாரையும் பார்ப்பதில்லையாம். "வயசானவன் யாரையும் பாக்கறதில்லைன்னா, யாரும் வர்றதில்லைன்னு அர்த்தம். போ" என்றார்.

ஏப்ரலில் போனாள். படத்தை இரண்டு அட்டைக்கு நடுவே வைத்துத் தலையணை உறையில் போட்டு, படகில் மடியிலேயே வைத்துக்கொண்டாள். தீவு பூத்துக்கிடந்தது. தோட்டத்தில் போர்வை போர்த்திக்கொண்டு ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒட்டடைக்குச்சிதான். விரல்களில் மை இல்லை.

"நான் மெலாஹத் பொண்ணு" என்றாள்.

அவர் அவள் கண்களை மாறி மாறிப் பார்த்தார். "நேராயிடுச்சே! மாஷா அல்லா." பிறகு தோட்டத்துக் கதவைப் பார்த்தார். "அம்மா வரலியா?"

"அம்மா போயிட்டாங்க, அண்ணே."

தலையைக் குனிந்துகொண்டார், படிக்கட்டில் எதிர்ப்படும்போது குனிவாரே, அதே மாதிரி. அவள் தலையணை உறையிலிருந்து படத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள். வெகுநேரம் பார்த்தார். வெள்ளைச் சாயத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதைப் போட்டுக்கிட்டு இருக்கும்போதுதான் வந்தாங்க. குடையோட. ஆபீஸ்ல எல்லாரும் எழுந்து ஓடிட்டாங்க. எடிட்டர்தான் முதல்ல ஓடினார். நான் மேஜைக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டேன். எண்ணெய்த் தாளை எடுத்து என் முன்னாடி விரிச்சாங்க. 'இது நான்தானே?'ன்னாங்க. நான் என்ன சொல்றது? தலையாட்டினேன். 'என்னை எவ்வளவு குண்டா வேணாலும் போட்டுக்கோ. வாயைக் கிழிச்சுப் பெருசாக்கு. நான் தாங்குவேன். குழந்தையை எடுத்துடு'ன்னாங்க."

பெரிஹான் இன்னும் பக்கத்தில் நெருங்கிக் குனிந்தாள்.

"நான் சொன்னேன், 'அக்கா, அவளை நான் கேலி பண்ணலயே, அழகாத்தானே போட்டிருக்கேன்'னு. 'அவ கண்ணு ஒருநாள் சரியாயிடும்டா. நீ போட்ட கண்ணு சரியாகாது. கல்யாணப் பேச்சு வர்ற வயசுல எவனாவது இதைத் தூக்கிக்கிட்டு வருவான்'னு சொன்னாங்க. நான் தூரிகையை எடுத்து அவங்க முன்னாடியே வெள்ளை அடிச்சேன். 'இன்னொரு பூச்சுப் பூசு, தெரியுது'ன்னாங்க. பூசினேன்."

"அப்புறம் போயிட்டாங்களா?"

"எங்க போனாங்க! டீ கேட்டாங்க. டீ வந்தது. குடிச்சுக்கிட்டே படத்தைப் பாத்தாங்க. அப்போ கேப்டன் வேற ஏதோ சொல்ற மாதிரி இருந்தது, நான் எழுதினது. 'இதுல சிரிப்பே வரலியே. கேப்டன் ஏன் பேசறான்? நான்ல பேசணும்? என் ஜன்னலுக்கு ஒருத்தன் படகோட வந்தா நான் சும்மாவா இருப்பேன்?' அப்படின்னாங்க. என்ன சொல்வீங்கன்னு கேட்டேன். சொன்னாங்க." கிழவர் படத்தின் கீழே எழுதியிருந்த வரியைத் தட்டினார். "'இது துறை இல்லை, எங்க சமையலறை.' அப்படியே எழுதினேன்."

"அப்ப படிக்கட்டுல..."

"படிக்கட்டுல என்ன?"

"சண்டை போட்டீங்களே. வாராவாரம்."

நெஜ்மி முதன்முதலாகச் சிரித்தார். தோள் குலுங்கியது. "சண்டையா? கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு, ரெஜெப்பை, நகரசபையை, தண்ணி வராததை, என் சட்டையை, எல்லாத்தையும் திட்டுவாங்க. நான் மறந்துடறதுக்குள்ள மேல ஓடி எழுதி வெச்சுக்குவேன். பாதி ஜோக் அவங்களுது. அவங்க பேரையும் போடறேன்னேன். 'போட்டே, குடை இன்னும் இருக்கு'ன்னாங்க."

பெரிஹானும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அந்தப் பழைய கல் எங்கோ புரண்டது. அவள் சொன்னாள்:

"ஆனா எனக்குப் பிடிச்சிருந்தது, அண்ணே. அந்தப் படத்துல நான் இருந்தது. பள்ளிக்கூடத்துல அது ஒண்ணாலதான் என் பக்கத்துல வந்து உக்காந்தாங்க. நீங்கதான் தூக்கிட்டீங்கன்னு இத்தனை வருஷம் உங்க மேல கோவமா இருந்தேன்."

"அம்மாகிட்ட சொல்லியிருந்தியா, பிடிச்சிருக்குன்னு?"

"இல்ல."

"அவங்களும் உன்கிட்ட கேக்கல."

"கேக்கல."

ஒரு பூனை வந்து போர்வையின் நுனியில் படுத்தது. நெஜ்மி படத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். "இந்தச் சாயம் காஞ்சு வெடிச்சிருக்கு. பிளேடு நுனியால மெதுவா எடுத்தா வந்துடும். கீழ மை அப்படியே இருக்கும். என் கை நடுங்குது, ஆனா இதைச் செய்வேன். எடுத்துடட்டுமா? உன் இடம்தானே."

பெரிஹான் அந்த வெள்ளையைப் பார்த்தாள். எட்டு வயதில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் குதித்திருப்பாள். அன்று அம்மா நடந்துபோன தூரத்தை நினைத்துப் பார்த்தாள். முழங்கால் வலியோடு அத்தனை படி, சரிவு, படகு, அக்கரையில் மறுபடி ஏற்றம். யாரும் சிரிக்கக்கூடாது என்று தனக்காகக் கேட்காமல், மகளுக்காக மட்டும் கேட்டது. தப்பாகக் கணக்குப் போட்டிருக்கலாம். ஆனாலும் அவள் கணக்கு அது.

"வேண்டாம், அண்ணே. அம்மா போடச் சொன்ன வெள்ளை அது. இருக்கட்டும்."

நெஜ்மி தலையாட்டினார். படத்தைத் திருப்பிக் கொடுக்குமுன் பின்பக்கத்தில் தன் பேரைப் போட்டார். அதன் பக்கத்தில் மெலாஹத் என்றும் எழுதினார். எழுத்து நடுங்கியிருந்தது. "இப்ப குடை வராதுல்ல?" என்றார்.

திரும்பும் படகில் பெரிஹானுக்குக் கோபமும் வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அம்மா என்று மனதுக்குள் சண்டை போட்டாள். கடற்காகங்கள் பின்னாலேயே வந்தன. கடிக்கோய் துறை தெரியும்போது கோபம் ஓய்ந்து பசி வந்தது. இறங்கியதும் எள் தூவிய சிமித் வளைய ரொட்டி ஒன்று வாங்கி நின்றபடியே தின்றாள்.

*

அதற்கடுத்த குளிர்காலத்தில் நெஜ்மி இறந்தார். அடக்கத்துக்குக் கரபெத்கூட நாற்காலியை விட்டு எழுந்து வந்திருந்தார். தாஹ்ஸின் அவரைக் கைத்தாங்கலாகப் படகில் ஏற்றினார். பள்ளிவாசல் முற்றத்தில் வயதான கார்ட்டூனிஸ்டுகள் நாலைந்து பேர் நின்று, செத்தவரைப் பற்றி ஜோக்காகவே பேசிக்கொண்டிருந்தார்கள். பெரிஹான் அவர்களிடம் போய்ப் படிக்கட்டு விஷயத்தைச் சொன்னாள். ஒருவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அதானே பாத்தேன்! அவனுக்கு எங்கேருந்து இவ்வளவு வாய்னு நாங்க கேக்காத நாள் இல்ல."

நெஜ்மியின் தங்கை ஒரு கட்டைக் கொடுத்தனுப்பினாள். அதில் கூடை அத்தைகள் இன்னும் சில இருந்தன. அடையாள அட்டைப் படத்தைப் பெரிஹான் அலமாரிக்குள் வைத்துவிட்டாள். சாப்பாட்டறையில், மேஜைக்கு எதிரே, வெயில் படாத சுவரில் பனிமூட்டத்துப் படகு தொங்குகிறது.

தாஹ்ஸின் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு முதலில் படகின் முன்னால் போய் நிற்பார். பெரிஹான் டீ கொண்டுவருவாள்.

"எத்தனை தடவை பாத்தாலும் ஒண்ணு உறுத்துதும்மா. பனிமூட்டத்துல காத்தே இருக்காது. படகோட புகை நேரா மேல போகணும். இவன் சாச்சுப் போட்டிருக்கான்."

"நெஜ்மி அண்ணன் காத்தைப் பாத்து வரையல. எங்கம்மா கத்துற வேகத்துல சாஞ்சிடுச்சு."

"ஒரு கேப்டன்கிட்ட கேட்டிருக்கலாம்."

"டீ ஆறுது, உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அடுத்த சனிக்கிழமை கரபெத்தின் கடைக்கு ஒரு மூடிய அச்சகத்தின் மூட்டைகள் வருவதாகச் செய்தி. யார் முதலில் போவது என்பது பற்றி இருவரும் வாக்குவாதம் செய்ய ஆரம்பித்தார்கள்.